சனிக்கிழமை மூன்று மணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லங்கஷயர்ப் பருத்தி ஆலைகளிலே சனிக்கிழமைகளில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது, தறிகள் ஓய்ந்தன, தொழிலாளர் வீதிக்கு வந்தனர். 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களையும் இளவயதினரையும் சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பின்னர் வேலை வாங்கலாகாது என்று விதித்திருந்தது. பெண்களும் சிறுவரும் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அந்த அரைநாள் ஓய்வு வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உரியது. சனிக்கிழமை பிற்பகலோ தொழிலாளியின் சொந்தச் சொத்து.

ஆலையை விட்டு வந்தவன் கைகால் கழுவி, எதையாவது உண்டு, நண்பர்களோடு நடந்து ஊர் மைதானத்தை அடைவதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வேண்டும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் சனிக்கிழமை மூன்று மணியை ஒட்டித் தொடங்கிய காரணம் இவ்வளவே. மாரிகாலத்தில் வெளிச்சம் விரைவிற் குன்றும் என்பதால் ஆட்டம் சற்று முந்தித் தொடங்குவதும் உண்டு. எந்த அதிகாரியும் மேசையிலிருந்து வகுத்த நேரம் அன்று அது. பார்க்க வருகிறவனுடைய வாழ்க்கையை அளந்து தைத்த சட்டை போல அவனுக்குப் பொருந்திய நேரம் அது. அந்த நேரம் யாருடைய கைக்கு மாறியது, எவ்விதம் மாறியது என்பதே அந்நாட்டு உதைபந்தாட்ட வரலாற்றின் ஒரு பெரும் பகுதி.

1888 இல் பேர்மிங்ஹாம் நகரில் துணிக்கடை நடத்திய வில்லியம் மக்கிறெகர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் பன்னிரண்டு கழகங்களைச் சேர்த்து உதைபந்தாட்ட லீக்கை நிறுவினார். அவருடைய நோக்கம் எளிமையானது. அதற்கு முன்னர் நட்புமுறை ஆட்டங்கள் குறித்த நாளில் நடைபெறுவது அரிது. எதிரணி வராது, வந்தாலும் பிந்தி வரும், திரண்டு நின்ற மக்கள் முணுமுணுத்துக் கலைவர். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிவிட்ட கழகங்களுக்கு இது தாங்க முடியாத நட்டம். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன இரு கழகங்கள் ஆடும் என்று பருவத்தின் தொடக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், மக்கள் நம்பி வருவர். வாயிலிற் பணம் சேரும். ஆக, லீக் என்பதே ஓர் அட்டவணையைப் பற்றிய வாக்குறுதியாகத்தான் பிறந்தது. கழகத்தின் பொருளாதாரமும் அந்த வாக்குறுதியின் மேல் நின்றது. வாயிலிற் சேர்ந்த சில்லறையே ஆட்டக்காரரின் கூலியும், புற்றரையின் பராமரிப்பும், எதிரணிக்கு உரிய பங்கும் ஆயிற்று.

இந்த ஏற்பாட்டின் மேல் முதலில் நிழல் வீழ்த்தியது வானொலி. 1927 ஜனவரி 22 ஆம் நாள், இலண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைற்றெட்டும் ஆடிய ஆட்டத்தைப் பி.பி.சி. நேர்முகமாக வருணித்தது. கேட்போர் பந்தின் போக்கைத் தொடர்ந்து செல்வதற்காக, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து இலக்கமிட்ட வரைபடம் ஒன்று வானொலி இதழில் வெளியாயிற்று. வீட்டு அடுப்பருகில் இருந்தவாறே ஆட்டத்தைத் தொடரலாம் என்பது மக்களுக்கு மகிழ்ச்சியாகவும் கழகத் தலைவர்களுக்குக் கலக்கமாகவும் இருந்தது. நான்கு ஆண்டுகளுள் லீக் ஆட்டங்களை ஒலிபரப்புவதற்குத் தடை வந்தது. வீட்டில் இலவசமாகக் கேட்பவன் மழையில் நனைந்து, காசு கொடுத்து ஏன் வருவான் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அவர்கள் இதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டனர்.

தொலைக்காட்சி வந்தபோது அது விளையாட்டுப் பிள்ளையாகவே தோன்றியது. 1937 செப்டெம்பரில் ஆர்சனல் கழகத்தின் முதலாம் அணியும் அதன் மாற்று அணியும் ஆடிய ஆட்டத்தின் சில பகுதிகளைப் பி.பி.சி. பரீட்சார்த்தமாக ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு பிரெஸ்டனும் ஹடர்ஸ்ஃபீல்டும் மோதிய கிண்ண இறுதியாட்டம் முழுமையாகக் காட்டப்பட்டது. அப்பொழுது தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோர் இலண்டன் சுற்றுவட்டாரத்தில் ஒருசில ஆயிரம் பேரே. ஆனால் 1953 மே 2 ஆம் நாள், முப்பத்தெட்டு வயதான ஸ்ரான்லி மத்தியூஸ் பிளாக்பூல் கழகத்துக்குக் கிண்ணத்தை வென்றுகொடுத்த அந்தப் புகழ்பெற்ற இறுதியாட்டத்தைப் பார்த்தோர் ஏறக்குறைய ஒரு கோடி பேர். மகாராணியின் முடிசூட்டு விழாவைக் காண்பதற்காக வாங்கப்பட்ட பெட்டிகள் ஒரு மாதம் முந்தியே மத்தியூசைக் காட்டின.

லீக் ஆட்டம் ஒன்றை நேரடியாகக் காட்டும் முதல் முயற்சி 1960 செப்டெம்பர் 10 ஆம் நாள் நடைபெற்றது. வர்த்தகத் தொலைக்காட்சியான ஐ.ரி.வி., ஒரு பருவத்தில் இருபத்தாறு ஆட்டங்களைக் காட்டுவதற்கு ஒன்றரை இலட்சம் பவுண் தருவதாக லீக்குடன் ஒப்பந்தம் செய்திருந்தது. முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிளாக்பூலுக்கும் போல்ரனுக்கும் இடையிலான ஆட்டம். ஏழாண்டுகளுக்கு முந்திய இறுதியாட்டத்தில் மோதிய அதே இரு கழகங்கள். மத்தியூஸ் என்னும் அதே மந்திரப் பெயர். பிற மைதானங்களின் வாயிற்பணம் கெடாதிருக்க வேண்டும் என்பதற்காக, ஆட்டம் சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து மாலை 6.50 க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தொலைக்காட்சிக்காக ஒரு லீக் ஆட்டத்தின் நேரம் நகர்ந்தது அன்றைக்குத்தான்.

முயற்சி படுதோல்வி அடைந்தது. காயமுற்றிருந்த மத்தியூஸ் களம் இறங்கவில்லை. மைதானத்தின் படிகளிற் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. ஒரே ஒரு கோலினால் போல்ரன் வென்றது. அதற்குப் பின்னர் ஆர்சனல், டொட்டன்ஹாம் ஆகிய இலண்டன் கழகங்கள் தங்கள் மைதானத்துக்குள் கமராக்களை விட மறுத்துவிட்டன. ஏனைய கழகங்களும் கூடுதல் நட்டஈடு கேட்டன. ஒப்பந்தம் சில கிழமைகளுள் குலைந்துபோயிற்று. அந்த ஒரு மாலையின் வெற்றுப் படிகள் கழகத் தலைவர்களின் கண்களில் நெடுங்காலம் நின்றன. மீண்டும் ஒரு லீக் ஆட்டம் நேரடியாக ஒளிபரப்பாவதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

அந்த அச்சத்துக்கு உருவமும் குரலும் கொடுத்தவர் பொப் லோர்ட். இறைச்சி வியாபாரத்தில் உயர்ந்து பேர்ன்லிக் கழகத்தின் தலைவரானவர், நயமாகப் பேசத் தெரியாதவர், எண்ணத் தெரிந்தவர். பேர்ன்லி ஒரு சிற்றூர்க் கழகம்; எனினும் 1960 இல் லீக் சம்பியனாகியது. மான்செஸ்டர் போன்ற பெருநகர்க் கழகங்களின் ஆட்டம் சனிக்கிழமை பிற்பகலில் வீட்டிலே தெரியுமானால், பேர்ன்லியைப் போன்ற ஊர்களின் மைதானத்துக்கு யார் வருவார் என்று அவர் கேட்டார். தம் மைதானத்தினுள் கமராக்களைச் சில காலம் நுழையவிடாமலும் தடுத்தார். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்த உதைபந்தாட்டமும் நேரடியாக ஒளிபரப்பப்படலாகாது என்ற தடை அவருடைய வாதத்திலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்தின் விதிகளிலும் அத்தகைய பாதுகாப்புக்கு இடம் கிடைத்தது. லோர்டின் முரட்டுத்தனத்தை நகைத்தோர் பலர். ஆயினும் சிறிய கழகங்களின் நேரத்தை வேலியிட்டுக் காத்தவர் அவரே.

வேலிக்கு வெளியே ஒரு சிறு வாயில் திறந்துவைக்கப்பட்டது. 1964 ஓகஸ்ட் 22 ஆம் நாள் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை, அன்று லிவர்ப்பூலும் ஆர்சனலும் ஆடிய ஆட்டத்தின் சுருக்கத்தை மாலையில் ஒளிபரப்பியது. அவ்வலைவரிசை இலண்டன் பகுதியில் மட்டுமே கிடைத்ததால், பார்த்தோர் இருபதாயிரம் பேரளவிலேயே இருந்தனர். லிவர்ப்பூல் மைதானத்தில் நேரில் நின்று பார்த்தவர்களோ அதனிலும் இருமடங்குக்கு மேல். எந்த ஆட்டம் காட்டப்படும் என்பதை முன்கூட்டி அறிவிக்கலாகாது என்ற நிபந்தனையும் இருந்தது. அறிவித்துவிட்டால் மைதானம் வெறுமையாகும் என்று அஞ்சினார்கள்.

அடுத்த ஆண்டு ஒக்டோபரில் கொவென்ட்ரிக் கழகம் அந்த அச்சத்தையே வருமானமாக மாற்ற முயன்றது. ஜிம்மி ஹில் அக்காலத்தில் அதன் முகாமையாளர். அணி வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஆடியபோது, அந்த ஆட்டத்தைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து, கொவென்ட்ரியில் உள்ள சொந்த மைதானத்திலே பெருந்திரைகளிற் காட்டினார்கள். காசு கொடுத்துத் திரையைப் பார்க்கப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஆட்டம் நடந்த இடத்திற் கூடிய கூட்டமும் அதைவிடப் பெரிதும் அதிகமன்று. காட்சிக்கும் விலை உண்டு என்ற உண்மையை அன்று கண்டுகொண்டவர்கள் சிலரே.

இதற்கிடையில் நேரத்தைக் கட்டிய பழைய கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. 1956 பெப்ரவரியில் போட்ஸ்மத் மைதானத்தில் லீக் ஆட்டம் ஒன்று முதன்முறையாக மின்னொளியில் நடைபெற்றது. கதிரவன் மறைந்த பின்னரும் பந்து உருளலாம் என்றாகிவிட்டது. 1974 இன் தொடக்கத்தில் நிலக்கரித் தட்டுப்பாட்டினால் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த அரசு உத்தரவிட்டபோது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களும் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமையிற் காசு வாங்கி மக்களை உள்ளே விடுவதை 1780 ஆம் ஆண்டின் சட்டமொன்று தடுத்திருந்தது. கழகங்கள் அதற்கும் ஒரு வழி கண்டன. நுழைவு இலவசம், ஆனால் வாயிலில் விற்கும் ஆட்ட நிகழ்ச்சிநிரலை வாங்காமல் உள்ளே போக முடியாது, அதன் விலையோ நுழைவுச்சீட்டின் விலை!

ஆட்டத்தை எந்நாளிலும் எந்நேரத்திலும் வைக்கலாம் என்றான பின்னரும் கழகங்கள் செழிக்கவில்லை. 1948–49 பருவத்தில் லீக் மைதானங்களுக்குச் சென்றோர் தொகை 4 கோடி 12 இலட்சம். அதன் பின் அத்தொகை இறங்கிக்கொண்டே வந்தது. 1961 இல் ஆட்டக்காரரின் உச்சச் சம்பளமாகிய கிழமைக்கு இருபது பவுண் என்ற எல்லை நீங்கியதால் செலவு ஏறிற்று. வீட்டில் தொலைக்காட்சி, வாசலிற் கார், மைதானத்திற் சண்டையும் அழுக்கும் என்றிருந்த காலத்தில் மக்கள் விலகினர். 1983 இல் லீக் இறுதியாகப் பணிந்தது. பி.பி.சி.யும் ஐ.ரி.வி.யும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு 52 இலட்சம் பவுண் கொடுத்தன. பருவத்துக்குப் பத்து ஆட்டங்களை நேரடியாகக் காட்ட உரிமை கிடைத்தது. ஒக்டோபர் 2 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டொட்டன்ஹாம் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் அணியை வென்ற ஆட்டம் அவற்றுள் முதலாவது. டிசெம்பரில் பி.பி.சி. தன் முதல் ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை இரவைத் தேர்ந்தது. சனிக்கிழமையைத் தொடாமலே கிழமையின் பிற நாள்கள் விற்பனைக்கு வந்துவிட்டன.

அதே ஆண்டில் மற்றொரு மாற்றமும் ஓசையின்றி நிகழ்ந்தது. அதுவரை லீக் ஆட்டத்தின் வாயிற்பணத்தில் வந்து ஆடிய அணிக்கும் ஒரு பங்கு உண்டு. 1983 இலிருந்து முழுப்பணமும் மைதானத்துக்குரிய கழகத்துக்கே என்றாயிற்று. பெரிய மைதானம் உடையவன் பெருத்தான்; சிறியவன் இளைத்தான். தொலைக்காட்சிப் பணமாவது தொண்ணூற்றிரண்டு கழகங்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டு வந்தது. 1985 இறுதியிற் பெரிய கழகங்கள் அதற்கும் முற்றுப்புள்ளி இட்டன. பாதியை முதலாம் பிரிவு எடுத்துக்கொள்ள, மீதி மற்ற மூன்று பிரிவுகளுக்கும் போயிற்று.

1985–86 பருவத்தின் முற்பாதி, பழைய கேள்விக்கு விடை சொன்ன காலம் எனலாம். விலை படியாமற் பேச்சு முறிந்ததால், ஓகஸ்ட் முதல் டிசெம்பர் வரை இங்கிலாந்தின் தொலைக்காட்சியில் லீக் உதைபந்தாட்டமே இல்லை. நேரடியாகவும் இல்லை, சுருக்கமாகவும் இல்லை. பொப் லோர்ட் உயிரோடிருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் மக்கள் மைதானத்துக்குத் திரும்பவில்லை. அப்பருவத்தின் மொத்த வருகை 1 கோடி 65 இலட்சம். போருக்குப் பிந்திய காலத்தில் அதனிலும் தாழ்ந்த தொகை இல்லை. பிராட்ஃபோர்ட் தீவிபத்தும் பிரசெல்ஸ் ஹேசல் மைதானத்து மரணங்களும் அவ்வாண்டு மே மாதத்திலேயே நிகழ்ந்திருந்தன என்பதையும் மறத்தலாகாது. எனினும், மைதானத்தை வெறுமையாக்கியது தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே என்ற வாதம் அந்த மாரிகாலத்தோடு வலுவிழந்தது.

1989 ஏப்ரலில் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெருக்குண்ட லிவர்ப்பூல் இரசிகர் தொண்ணூற்றேழு பேர் உயிரிழந்தனர். நீதியரசர் டெய்லரின் அறிக்கை, நின்று பார்க்கும் படிகளை நீக்கி எல்லோருக்கும் இருக்கை அமைக்க வேண்டும் என்றது. மைதானங்களைப் புதுக்கக் கோடிக்கணக்கிற் பணம் வேண்டியிருந்தது. ஐ.ரி.வி. 1988 இல் நான்கு ஆண்டுகளுக்கு 4 கோடி 40 இலட்சம் பவுண் கொடுத்திருந்தது. பெரிய கழகங்களுக்கு அது போதவில்லை. அவை லீக்கை விட்டுப் பிரிந்து பிரிமியர் லீக்கை அமைத்தன. 1992 மே மாதத்தில் ஸ்கை என்னும் செய்மதித் தொலைக்காட்சியும் பி.பி.சி.யும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு 30 கோடி 40 இலட்சம் பவுண் வழங்கும் ஒப்பந்தத்தைக் கழகங்கள் வாக்கெடுப்பில் ஏற்றன. ஸ்கைக்கு வாக்களித்த டொட்டன்ஹாம் கழகத்தின் தலைவர், செய்மதி அலைவாங்கிகளைச் செய்து விற்ற தொழிலதிபராகவும் இருந்தார் என்பது அந்நாளிற் பலராலும் பேசப்பட்ட செய்தி.

பணத்தோடு நேரமும் கைமாறியது. முதற் பருவத்தில் அறுபது ஆட்டங்கள் நேரடியாகக் காட்டப்பட்டன. ஞாயிறு பிற்பகல் ஒன்று. திங்கள் இரவு ஒன்று. 1992 ஓகஸ்ட் 17 ஆம் நாள் மான்செஸ்டர் சிற்றியும் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்சும் ஆடிய ஆட்டமே முதலாவது திங்கள் இரவு ஆட்டம். கிழமை தொடங்கிய முதல் நாளின் இரவிலே, இலண்டனில் இருந்து மான்செஸ்டருக்குச் சென்று திரும்ப வேண்டியவனின் நிலையை ஒப்பந்தம் எழுதியவர்கள் நினைத்தார்களோ என்னவோ!

வெளியூர் இரசிகனின் கணக்கு அன்றுமுதல் வேறாயிற்று. பருவத்தின் அட்டவணை ஜூன் மாதத்தில் வெளியாகும். அதில் எல்லா ஆட்டங்களும் பெரும்பாலும் சனிக்கிழமை மூன்று மணி என்றே இருக்கும். அது தற்காலிகம், தொலைக்காட்சி தன் தெரிவைச் செய்த பின்னரே உண்மை நேரம் தெரியும். பிரித்தானியாவில் மலிவான புகையிரதச் சீட்டு முன்கூட்டியே வாங்கப்பட வேண்டியது. குறித்த நாளில் குறித்த வண்டிக்கே செல்லும். ஆட்டம் ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறினால் அந்தச் சீட்டின் பணம் போயிற்று. காத்திருந்து வாங்கினால் விலை இருமடங்கு. நியூகாசிலிலிருந்து இலண்டன் ஏறக்குறைய 450 கிலோமீற்றர். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடியப் பத்து மணியாகும். கடைசிப் புகையிரதம் அதற்குள் நிலையத்தை விட்டுப் போய்விடும். பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து விடியலில் ஊர் சேர்ந்து, அப்படியே வேலைக்குப் போவது ஒரு வழி. ஒருநாட் கூலியை இழப்பது மற்றொரு வழி. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தந்தைக்கு இரண்டுமே வழியல்ல. பள்ளிக்கூடம் திங்கட்கிழமையும் உண்டு, செவ்வாய்க்கிழமையும் உண்டு.

ஆனாலும் மைதானங்கள் வெறுமையாகவில்லை. அதுதான் இவ்வரலாற்றில் எவரும் எதிர்பாராத திருப்பம். பிரிமியர் லீக் ஆட்டங்களின் சராசரி வருகை முதற் பருவத்தில் இருபத்தோராயிரமளவில் இருந்தது. முப்பது ஆண்டுகளின் பின் நாற்பதாயிரத்தைக் கடந்தது. தொலைக்காட்சி விளம்பரமும் ஆயிற்று. புதிய இருக்கைகள் அச்சத்தை நீக்கின. 1960 இல் பிளாக்பூலின் வெற்றுப் படிகளைக் கண்டு நடுங்கியவர்கள் தவறான இடத்தில் ஆபத்தைத் தேடினர். கூட்டம் குறையவில்லை, கூட்டத்தின் சொல்லுக்கு இருந்த மதிப்பே குறைந்தது. வாயிற்பணத்தை நம்பிய கழகம், வருகிறவனுக்கு வசதியான நேரத்தைக் கேட்டே ஆக வேண்டும். தொலைக்காட்சிப் பணத்தை நம்பிய கழகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பங்கீட்டின் முறையும் இதை வலுப்படுத்தியது. பிரிமியர் லீக் தொடங்கியபோது உள்நாட்டுத் தொலைக்காட்சிப் பணத்தின் பாதி எல்லாக் கழகங்களுக்கும் சமமாகவும், காற்பங்கு இறுதித் தரவரிசைப்படியும், மற்றொரு காற்பங்கு எத்தனை முறை அவர்களுடைய ஆட்டம் நேரடியாகக் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தும் வழங்கப்பட்டது. ஆகவே ஆட்டம் அகாலத்துக்கு மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் கழகத்தின் பெட்டியிற் பணம் விழும். இரசிகன் இழக்கும் அதே இடத்திற் கழகம் பெறுகின்றது. தன் இரசிகனுக்காக எதிர்த்துப் பேசக் கழகத்துக்கு நாவு எழாததில் வியப்பில்லை. தொகையும் ஆண்டுதோறும் வீங்கியது. 2016 இல் தொடங்கிய மூன்றாண்டுகளுக்கு அது 513 கோடி பவுணைத் தாண்டியது. அதே ஆண்டில் வெள்ளிக்கிழமை இரவும் பிரிமியர் லீக்கின் ஒழுங்கான நாள்களுள் ஒன்றாயிற்று.

அந்தப் பணத்தின் மேல் வீடு கட்டுவது எவ்வளவு பாதுகாப்பானது என்பதைக் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் முன்னரே கற்றுக்கொண்டன. ஐ.ரி.வி. டிஜிற்றல் என்னும் நிறுவனம், கீழ் மூன்று பிரிவுகளின் ஆட்டங்களைக் காட்ட மூன்று ஆண்டுகளுக்கு 31 கோடி 50 இலட்சம் பவுண் தருவதாக ஒப்புக்கொண்டது. 2001 இல் ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. வரப்போகும் பணத்தைக் கணக்கிட்டுக் கழகங்கள் ஆட்டக்காரருக்குப் பெருஞ்சம்பளம் எழுதிக்கொடுத்தன. பார்வையாளர் போதவில்லை, 2002 மார்ச்சில் நிறுவனம் முறிந்தது. கொடுபடாமல் நின்றது 17 கோடி 85 இலட்சம் பவுண். அந்நிறுவனத்தின் பின்னால் இருந்த கார்ல்ரன், கிரனாடா என்னும் இரு பெரும் தொலைக்காட்சி நிறுவனங்களும் அதைத் தீர்க்க வேண்டும் என்று லீக் வழக்குத் தொடுத்தது. அவை பிணை நிற்பதாகக் கையொப்பம் இட்டிருக்கவில்லை. ஆகவே வழக்குத் தோற்றது. ஒரு கையொப்பம் வாங்கத் தவறிய கதை அது. அடுத்த ஓராண்டுக்குள் பிராட்ஃபோர்ட், பார்ன்ஸ்லி, லெஸ்ரர், இப்ஸ்விச் முதலிய கழகங்கள் கடன் தீர்க்கும் நிர்வாகிகளின் கையில் விழுந்தன. ஒவ்வொன்றின் வீழ்ச்சிக்கும் வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் வாராத பணம் எல்லாவற்றிலும் ஒரு காரணமாயிற்று. அக்கழகங்களைத் தாங்கிப் பிடிக்க உண்டியல் ஏந்தி நின்றவர்கள் இரசிகர்களே. இப்ஸ்விச்சிலும் லெஸ்ரரிலும் பேர்ன்லியிலும் சனிக்கிழமை தவறாது வந்து வாயிலிற் காசு கொடுத்தவர்களை ஒருவரும் முறிவுக்கு உள்ளாக்க முடியாது. தொலைக்காட்சி நிறுவனத்தையோ ஒரே நாளில் இழுத்து மூடலாம்.

வேறு வழி இல்லையா என்று கேட்போருக்கு ஜேர்மனி ஒரு விடை தந்தது. அந்நாட்டில் மிகப் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி அங்கத்தவர்களான இரசிகர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. 2017 இல் முதற் பிரிவிலும் சில ஆட்டங்கள் திங்கள் இரவுக்கு மாற்றப்பட்டபோது, எதிர்ப்பு மூண்டது. 2018 பெப்ரவரியில் பிராங்க்ஃபேர்ட்டில் இரசிகர்கள் ஊதல்களால் மைதானத்தை அதிரவைத்து, ரென்னிஸ் பந்துகளைக் களத்தில் வீசினர். அடுத்த திங்களன்று, எண்பதாயிரம் பேர் கொள்ளும் டோர்ட்முண்ட் மைதானத்துக்கு வந்தோர் ஏறக்குறைய ஐம்பத்துநாலாயிரம். அவ்வாண்டு நவம்பரிலேயே, அடுத்த ஒப்பந்தக் காலமாகிய 2021 முதல் முதற் பிரிவில் திங்கட்கிழமை ஆட்டம் இராது என்று லீக் நிர்வாகம் அறிவித்தது. வாக்கு உடையவன் வராதிருந்தாற் கழகம் கவனிக்கும்.

இங்கிலாந்து இரசிகனுக்கு வாக்கு இல்லை; பணப்பை மட்டுமே உண்டு. 2020 இல் பெருந்தொற்றினால் மைதானங்கள் மூடப்பட்டபோது அதை அவன் ஒருமுறை பயன்படுத்தினான். ஒக்டோபரிலே, வழமையான ஒளிபரப்பிற் சேராத ஆட்டங்களைப் பார்க்க ஆட்டமொன்றுக்கு 14.95 பவுண் கட்ட வேண்டும் என்று பிரிமியர் லீக் கேட்டது. நியூகாசில் இரசிகர்கள் அந்தப் பணத்தை ஊரின் ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்துக்குக் கொடுத்தனர். பிற கழகங்களின் இரசிகர்களும் அவ்வாறே செய்தனர். சில கிழமைகளில் அக்கட்டணம் கைவிடப்பட்டது. வெளியூர் இரசிகனின் நுழைவுச்சீட்டு முப்பது பவுணுக்கு மேற்படலாகாது என்று 2016 இல் வந்த விதியும் நெடுநாட் போராட்டத்தின் பயனே. நுழைவுச்சீட்டின் விலையைக் குறைக்க முடிந்தது. ஆட்டத்தின் நேரத்தைத் திருப்ப முடியவில்லை.

2025 இல் தொடங்கிய நான்காண்டு ஒப்பந்தத்தின் பெறுமதி 670 கோடி பவுண். சனிக்கிழமை மூன்று மணிக்கு நடைபெறுவன தவிர்ந்த பிரிமியர் லீக் ஆட்டங்கள் அனைத்தும் அதன்படி நேரடியாகக் காட்டப்படுகின்றன. பொப் லோர்டின் வேலி மட்டும் அவ்வொப்பந்தத்திலும் அப்படியே விடப்பட்டது. வேலியின் விந்தை ஒன்று உண்டு. இலண்டனில் மாரிகாலத்துப் பிற்பகல் மூன்று மணி என்பது இலங்கையில் இரவு எட்டரை மணி. உரிமை வாங்கிய தொலைக்காட்சியின் வழியே யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீட்டுத் திண்ணையிலிருந்து காணத்தக்க ஆட்டத்தை, அந்த மைதானத்துக்கு அடுத்த தெருவில் வாழ்கின்றவன் தன் வீட்டிலிருந்து காண முடியாது. கிரேக்க நாட்டு அலைவாங்கி அட்டையைக் கொண்டு அவ்வாட்டங்களைத் தன் மதுச்சாலையிற் காட்டிய போட்ஸ்மத் நகரப் பெண்ணொருத்தியின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 2011 இல் அட்டையைப் பொறுத்த அளவில் அவள் வென்றாள். ஆயினும் வேலி விழவில்லை. வெளிநாட்டு உரிமைகளின் விலை 2022 அளவில் உள்நாட்டு உரிமையின் விலையையும் மிஞ்சிவிட்டது. ஆட்ட நேரத்தை வகுப்போரின் கடிகாரத்தில் இன்று சிங்கப்பூருக்கும் இடம் உண்டு, நியூயோர்க்குக்கும் இடம் உண்டு.

நத்தார்க் காலம் இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் திருவிழாக் காலம். டிசெம்பர் 26 ஆம் நாள் குடும்பத்தோடு அயலூர் மைதானத்துக்குச் செல்வது பல தலைமுறைகளின் வழக்கம். 2023 இல் வுல்வர்ஹாம்ரன் கழகமும் செல்சிக் கழகமும் டிசெம்பர் 24 ஆம் நாள் ஆட வைக்கப்பட்டன. அந்த நாளில் அத்தகைய ஆட்டம் நடந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரசிகர் சங்கங்கள் முறையிட்டன, நேரம் மாறவில்லை. 2025 இல் மற்றொரு திசையில் மாற்றம் வந்தது. ஐரோப்பியப் போட்டிகள் பெருகியதனாலும், ஒளிபரப்பு ஒப்பந்தம் முப்பத்துமூன்று கிழமை இறுதிகளுக்கு எழுதப்பட்டிருந்ததனாலும், டிசெம்பர் 26 ஆம் நாளுக்குப் பிரிமியர் லீக்கில் எஞ்சியது ஒரே ஓர் ஆட்டம். மான்செஸ்டர் யுனைற்றெட்டின் மைதானத்தில் நியூகாசில் ஆடியது; ஆட்டம் தொடங்கியது இரவு எட்டு மணிக்கு. மான்செஸ்டருக்கும் நியூகாசிலுக்கும் இடையே வீதிவழி ஏறக்குறைய 230 கிலோமீற்றர். அந்த நாளில் பிரித்தானியாவின் பெரும்பாலான புகையிரதங்கள் ஓடுவதில்லை.